சாட்சிக் கூண்டில் ஒரு ஈ!

சுமார் 800 வருடங்களுக்கு முந்தைய சீனாவுக்குக் கொஞ்சம் வாருங்கள்.

உக்கிரமான கோடைக்காலம். ஒரு கிராமத்துப் பாதையோரம் ஒருவன் வெட்டுப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். உடம்பில் பத்துக்கும் மேற்பட்ட வெட்டுகள். வழிப்பறியோ என்று பார்த்தால், அவனுடைய துணிமணிகள், கையிலிருந்த பொருள்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன! விசாரிக்க வந்த அதிகாரி யோசித்தார். 'திருடனாக இருந்தால் பொருளை விட்டுவிட்டுப் போக மாட்டான். ஆக, இது பகை!' காயங்களைக் குனிந்து பார்த்தார். கத்தி இல்லை... கதிர் அறுக்கிற அரிவாள்.

செத்தவனின் மனைவியைத் தனியே அழைத்து, ''உன் புருஷனுக்கு விரோதி யாராவது உண்டா?'' என்று கேட்டார். ''அப்படி யாரும் இல்லீங்க. ஒரு ஆள் மட்டும் சமீபத்துல கடன் விஷயமா வந்து, காரியம் ஆகாம கெடு வெச்சுட்டுப் போனான். அதுக்காகக் கொல்ற அளவுக்கெல்லாம் பகை கிடையாது'' என்றாள் அவள். அந்த ஆள் எந்த ஊர் என்பதை மட்டும் மனசில் குறித்துக்கொண்டார் அதிகாரி.

அடுத்து ஓர் உத்தரவு போட்டார். அக்கம்பக்கத்தில் இருக்கிற எல்லாரும் அவரவர் வீட்டு அரிவாளைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். ஒளித்து வைத்தால், அவன்தான் கொலைகாரன்! எழுபது, எண்பது அரிவாள்கள் வந்து சேர்ந்தன. அவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்பச் சொல்லிவிட்டு, அதிகாரி சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். சுள்ளென்று வெயில். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஈக்கள் பறந்து வந்தன. அத்தனை அரிவாள்களையும் விட்டுவிட்டு, ஒரே ஒரு அரிவாளை மட்டும் மொய்க்க ஆரம்பித்தன!

''இது யாருடையது?''

''என்னுடையது'' என்று முன்னால் வந்தவன், கடன் விவகாரத்தில் கெடு வைத்துப்போன அதே ஆசாமி! அப்போதும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ''மற்றவர்கள் அரிவாளில் ஈ இல்லை. உன் அரிவாளில் இன்னும் ரத்த வாடை போகவில்லை. ஈக்கள் கூடிவிட்டன. இனிமேல் எப்படி மறைப்பாய்?'' என்றார் அதிகாரி. சுற்றி நின்ற கூட்டம் வாயடைத்துப் போக, அந்த ஆள் தரையில் தலை முட்டிக் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

இந்தச் சம்பவத்தை எழுதி வைத்தவர் சோங் ட்ஸு என்கிற சீன நீதித்துறை அதிகாரி. 1247-ல் அவர் எழுதிய அந்தப் புத்தகத்தின் தலைப்புக்கு 'அநியாயப் பழியைக் கழுவித் துடைத்தல்' என்று பொருள் சொல்லலாம். பிணப் பரிசோதனை எப்படிச் செய்ய வேண்டும் என்று அதிகாரிகளுக்குச் சொல்லித்தருகிற கையேடு அது. பூச்சிகளை வைத்துத் துப்புத் துலக்கியதற்கு நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய பதிவு என்று நிபுணர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

தலைப்பை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். 'குற்றவாளியைப் பிடிப்பது எப்படி' என்று அவர் பெயர் வைக்கவில்லை. அநியாயப் பழியைத் துடைப்பதுதான் முதல் வேலை என்றார். அது எவ்வளவு பெரிய வார்த்தை என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

ரத்த வாடைக்கு ஈ வரும் என்பது சீன அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. ஆனால், ஈக்கும் புழுவுக்கும் என்ன உறவு என்பது ஐரோப்பாவில் ரொம்ப காலம் பெரிய குழப்பமாகவே இருந்தது. அழுகிய மாமிசத்திலிருந்து புழு 'தானாகவே' தோன்றுகிறது என்றுதான் படித்தவர்களே நம்பினார்கள். இத்தாலியில் ஃப்ரான்செஸ்கோ ரெடி என்ற டாக்டர் 1668-ல் இதற்கு ஒரு முடிவு கட்டினார். செய்தது எளிமையான சோதனை. ஜாடிகளில் மாமிசத்துண்டுகளைப் போட்டார். சிலவற்றைத் திறந்தே வைத்தார். சிலவற்றை மூடினார். சிலவற்றின் வாயில் மெல்லிய வலைத்துணியைக் கட்டினார். திறந்த ஜாடிகளில் மட்டும் புழு நெளிந்தது! துணி கட்டிய ஜாடிகளில், ஈக்கள் துணிக்கு மேலே முட்டை போட்டிருந்தன. மாமிசத்தில் ஒரு புழுகூட இல்லை.

ஆக, புழு என்பது ஈயின் குழந்தை! கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால், இது தெரிந்த பிறகுதான் அடுத்த கேள்வியைக் கேட்க முடிந்தது: 'அந்தக் குழந்தைக்கு இப்போது என்ன வயசு?'

அந்தக் கேள்வியை முதலில் கோர்ட்டுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் பெர்ஜரே என்கிற ஃப்ரெஞ்சு டாக்டர். ஆண்டு 1850. ஊர், ஃப்ரான்ஸில் இருக்கும் ஆர்ப்வா. ஒரு வீட்டில் கணப்பு அடுப்பை ரிப்பேர் செய்வதற்காகச் சுவரைப் பெயர்த்தபோது, உள்ளே வற்றி உலர்ந்துபோன ஒரு பச்சைக் குழந்தையின் உடல்! சந்தேகம் யார் மேல் பாயும்? அப்போது அந்த வீட்டில் குடியிருந்த தம்பதியின் மேல்தான். ஊரே அவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

டாக்டர் பெர்ஜரே அந்தச் சின்ன உடலைப் பரிசோதித்தார். ஈக்கள் விட்டுச்சென்ற கூடுகள் இருந்தன. கூடவே, உலர்ந்த உடலைத் தேடி வருகிற அந்துப்பூச்சியின் புழுக்களும் இருந்தன. ஈ வருவது உடல் ஈரமாக இருக்கும்போது. அந்துப்பூச்சி வருவது அது காய்ந்த பிறகு. இரண்டும் ஒரே சமயத்தில் வந்திருக்க முடியாது. இப்படிக் கணக்குப் போட்டு, 'குழந்தையின் உடல் 1848-லேயே இங்கே வைக்கப்பட்டுவிட்டது' என்று அறிக்கை எழுதினார். அப்போது இந்தத் தம்பதி அந்த வீட்டுக்குக் குடியே வரவில்லை! பழி அவர்களை விட்டு விலகி, முன்பு குடியிருந்தவர்கள் பக்கம் திரும்பியது.

ஒரு வேடிக்கை... பெர்ஜரேயின் கணக்கில் ஓட்டை இருந்தது! ஈயின் முட்டை முழு ஈயாக மாற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் கோடையில் இரண்டு, மூன்று வாரமே போதும். வழி சரி, வாய்ப்பாடு தப்பு! அந்தக் காலத்தில் பூச்சிகளின் வயதை நாள் கணக்கில் எழுதி வைத்தவர்கள் யாரும் இல்லை.

குறையைத் தீர்க்கக் கிளம்பியவர் மெனியென் என்கிற ஃப்ரெஞ்சுக்காரர். ராணுவத்தில் கால்நடை டாக்டராக இருந்தவர். வருடக்கணக்கில் பிணங்களையும் அவற்றின் மேல் வருகிற பூச்சிகளையும் பொறுமையாகக் கவனித்து, 1894-ல் ஒரு புத்தகம் போட்டார். திறந்தவெளியில் கிடக்கும் உடலுக்குப் பூச்சிகள் கன்னாபின்னாவென்று வருவதில்லை. கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாக, மொத்தம் எட்டுப் பந்திகளாக வருகின்றன என்றார். முதல் பந்தி ஈக்களுடையது. உடல் காயக் காய வண்டுகள், அந்துப்பூச்சிகள், சிலந்தி இனத்தைச் சேர்ந்த நுண்ணிய உண்ணிகள். எந்தப் பந்தி நடக்கிறது என்று பார்த்தால், சாவு நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம்! பந்திகளின் எண்ணிக்கையும் நேரமும் ஊருக்கு ஊர் மாறும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால், வரிசை உண்டு என்கிற அவருடைய அடிப்படை இன்றைக்கும் நிற்கிறது.

நீங்கள் கேட்கலாம். 'இதற்கு எதற்கு ஈயும் வண்டும்? போஸ்ட்மார்ட்டம் செய்கிற டாக்டரே செத்த நேரத்தைச் சொல்ல மாட்டாரா?'

சொல்வார், உடல் உடனே கிடைத்தால்! இறந்த பிறகு உடம்பின் சூடு மெள்ள இறங்கும், தசைகள் விறைக்கும், ரத்தம் கீழ்ப்பக்கமாகத் தேங்கும். இவற்றை வைத்து டாக்டர் ஒரு கணிப்புச் சொல்லலாம். ஆனால், இரண்டு, மூன்று நாள் கழிந்துவிட்டால் சூடும் போய், விறைப்பும் போய், டாக்டரின் கடிகாரங்கள் எல்லாம் நின்றுவிடுகின்றன. அந்த இடத்தில்தான் ஈயின் கடிகாரம் கைகொடுக்கிறது.

அது எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள், தட்டைக் காலி செய்துவிட்டுத் தொடரவும்!)

நீலமாகவும் பச்சையாகவும் பளபளவென்று மின்னுகிற பெரிய ஈக்களை மீன் மார்க்கெட் பக்கம் பார்த்திருப்பீர்கள். முதலில் வருவது அவைதான். வெயில் நேரத்தில், திறந்தவெளியில் ஓர் உடல் கிடந்தால் சில நிமிடங்களுக்குள்கூட வந்து இறங்கிவிடும். கண், மூக்கு, வாய், காயம் என்று ஈரமான இடமாகப் பார்த்துக் கொத்துக் கொத்தாக முட்டை போடும். நல்ல வெப்பத்தில் ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து புழு வரும். அந்தப் புழு தின்று கொழுத்து இரண்டு முறை சட்டையை உரித்துப்போடும். ஆக, மூன்று பருவங்கள். புழுவின் பின்பக்கம் மூச்சு விடுகிற துளைகள் இருக்கின்றன. மைக்ராஸ்கோப்பில் அந்தத் துளையிலுள்ள கீற்றுகளை எண்ணினாலே, எந்தப் பருவத்துப் புழு என்று தெரிந்துவிடும். வயிறு நிரம்பியதும் புழு உடலை விட்டு இறங்கி, மண்ணுக்குள் போய்க் கூடு கட்டிக்கொள்ளும். சில நாள் கழித்துக் கூட்டை உடைத்துக்கொண்டு புது ஈ பறந்து போகும். காலிக் கூடு அங்கேயே கிடக்கும்.

எனவே, விவரம் தெரிந்த போலீஸ்காரர் பிணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக மாட்டார். சுற்றியுள்ள மண்ணையும் கிளறிப் பார்ப்பார்! கிடைக்கிற புழுக்களில் பாதியைக் கொன்று பாட்டிலில் பத்திரப்படுத்த வேண்டும். கண்டெடுத்த நேரத்தில் அதற்கு என்ன வயசு என்பது அதில் உறைந்து நிற்கும். மீதிப் பாதியை லேபில் உயிரோடு வளர்க்க வேண்டும். அது ஈயாகிப் பறக்கும்போதுதான் எந்த ஜாதி ஈ என்பது சந்தேகமில்லாமல் தெரியும்.

இந்தக் கடிகாரத்தை ஓட்டுவது வெப்பம். சூடு அதிகம் என்றால் புழு மளமளவென்று வளரும், குளிர் என்றால் சோம்பிக் கிடக்கும். ஆட்டோ மீட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறைந்தபட்ச வெப்பத்துக்கு மேலே எத்தனை டிகிரியோ, அத்தனை வேகத்தில் ஒவ்வொரு மணி நேரமும் மீட்டர் ஏறுகிறது. முட்டை பொரிய இவ்வளவு, முதல் சட்டையை உரிக்க இவ்வளவு என்று ஒவ்வொரு ஜாதி ஈக்கும் ஒரு கட்டணம் உண்டு. நிபுணர் என்ன செய்கிறார்? புழுவின் பருவத்தைப் பார்த்து மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று தெரிந்துகொள்கிறார். அந்த ஊர் வானிலை நிலையத்தின் வெப்பப் பதிவுகளை வாங்கி, ஒவ்வொரு மணி நேரமாகப் பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வருகிறார். மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிற நேரம்தான், முட்டை விழுந்த நேரம்!

உலகத்துக்கு இந்த வித்தையின் மேல் மரியாதை வரவழைத்த கேஸ் பிரிட்டனில் நடந்தது. அதன் வில்லன், பம்பாயில் பிறந்த ஒரு டாக்டர்!

இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் டாக்டர் பக் ரக்ஸ்டன் என்றால் ஏழை ஜனங்களுக்கு உசிர். 1899-ல் பம்பாயில் பார்ஸி குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்து போய்ப் பேரை மாற்றிக்கொண்டு டாக்டர் தொழில் செய்தவர். வெளியே தங்கமான மனுஷர். வீட்டுக்குள்ளே சந்தேகப் பிசாசு! மனைவிக்கு யாருடனோ தொடர்பு என்று ஓயாத சண்டை. 1935, செப்டம்பர் மத்தியில் ஒரு வார இறுதியில் மனைவியும், வீட்டு வேலை பார்த்த இளம்பெண்ணும் திடீரென்று காணாமல் போனார்கள். கேட்டவர்களிடம் ஆளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார் டாக்டர்.

செப்டம்பர் 29. அங்கிருந்து வெகுதூரம் வடக்கே, ஸ்காட்லாந்தின் மொஃபட் என்ற ஊருக்கு அருகே ஒரு பாலத்தின் கீழே, ஓடைப் பள்ளத்தில் மூட்டை மூட்டையாக மனித உடலின் துண்டுகள் கிடைத்தன. ஒன்றிரண்டல்ல... சுமார் எழுபது! டாக்டருக்கே உரிய கைத்திறமையோடு அறுத்து, அடையாளம் தெரியாமல் முகங்களைச் சிதைத்து, விரல் நுனிகளை வெட்டி... படிக்க வேண்டாம், விட்டுவிடலாம். ஒரு மூட்டையைச் சுற்றியிருந்த செய்தித்தாள், லங்காஸ்டர் பக்கம் மட்டுமே விற்கப்பட்ட விசேஷப் பதிப்பு. தேதி, செப்டம்பர் 15! போலீஸின் பார்வை அந்த ஊரை நோக்கித் திரும்பியது.

செய்தித்தாள் ஒன்றைத்தான் சொல்லும்: செப்டம்பர் 15-க்கு முன்பாக அந்த மூட்டை கட்டப்படவில்லை. அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கட்டியிருக்கலாமே, பழைய பேப்பர்தானே? இந்த இடத்தில்தான் புழுக்கள் உள்ளே வந்தன. உடல் துண்டுகளிலிருந்து எடுத்த புழுக்களை க்ளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் டாக்டர் அலெக்ஸாண்டர் மெர்ன்ஸ் பரிசோதித்தார். நீல ஈயின் புழுக்கள். வயது 12-லிருந்து 14 நாள் என்று கணித்தார். 29-லிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். செப்டம்பர் 15, 16, 17... அந்த இரண்டு பெண்களும் காணாமல் போன உடனேயே உடல்கள் பள்ளத்துக்கு வந்துவிட்டன! மண்டையோட்டின் படத்தை மனைவியின் பழைய போட்டோ மேல் பொருத்திப் பார்த்தது உள்பட இன்னும் பல சாட்சியங்கள் சேர்ந்துகொள்ள, 1936, மே 12-ம் தேதி மான்செஸ்டர் சிறையில் ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார்.

அந்தப் புழுக்கள்? லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அவற்றைக் குப்பியில் போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறது.

இதோடு கதையை முடித்தால் 'ஈ பொய் சொல்லாது' என்று தலைப்புப் போட்டுவிடலாம். 2000-ல் ஆரம்பித்து உலகம் முழுக்கச் சக்கைப்போடு போட்ட 'சி.எஸ்.ஐ.' டி.வி. தொடரின் ஹீரோ கில் க்ரிஸம் ஒரு பூச்சி நிபுணர். ஒரு புழுவை இடுக்கியில் தூக்கிப் பார்ப்பார், விளம்பர இடைவேளை முடிவதற்குள் கொலைகாரன் சிக்கிவிடுவான்! நிஜம் அப்படி இல்லை. ஈ பொய் சொல்லாதுதான். ஆனால், நாம் கேட்கிற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. நாம் கேட்பது, 'இவர் எப்போது செத்தார்?' ஈ சொல்வது, 'நான் எப்போது வந்தேன்!' இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அது பத்து நிமிடமாகவும் இருக்கலாம், பல நாளாகவும் இருக்கலாம்.

இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதை ஹவாய்த் தீவுகளில் பணியாற்றிய லீ காஃப் என்ற பிரபல பூச்சி நிபுணர் அனுபவத்தில் கண்டார். ஒரு பெண்ணின் உடல் கம்பளிகளில் இறுகச் சுற்றப்பட்டுக் கிடைத்தது. புழுக்களின் வயது பத்தரை நாள். ஆனால், அந்தப் பெண்ணைக் கடைசியாகப் பார்த்து 13 நாள் ஆகிவிட்டது. நடுவில் இரண்டரை நாள் எங்கே போயிற்று? காஃப் ஊகம் செய்துகொண்டு உட்காரவில்லை. செத்த பன்றி ஒன்றை அதேபோலக் கம்பளியில் சுற்றி வெளியே போட்டுவிட்டு, பக்கத்தில் காத்திருந்தார். ஈக்கள் சுற்றிச் சுற்றி வந்தன. உள்ளே நுழைய வழியில்லை. அவை கம்பளியைத் தாண்டி உள்ளே போய் முட்டையிட எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? சரியாக இரண்டரை நாள்! கணக்கு நேரானது.

இன்னொரு கேஸில் அவருக்கு வேறு மாதிரித் தலைவலி. அமெரிக்காவின் ஸ்போகேன் நகருக்கு அருகே காட்டுப்பகுதியில் கிடைத்த ஓர் இளம்பெண்ணின் உடலில், பெரும்பாலான புழுக்கள் ஒரு வாரம் வளர்ந்தவை. நடுவிலே ஒரு புழு மட்டும் மூன்று வாரம் வளர்ந்த சைஸில் பூதம் மாதிரி! விசாரித்தபோது, அது மூக்குப் பகுதியில் தின்றுகொண்டிருந்த புழு என்று தெரிந்தது. அந்தப் பெண் சாவதற்குச் சற்று முன்பு கொக்கேய்ன் உறிஞ்சியிருந்தாள். கொக்கேய்ன் கலந்த தசையைத் தின்ற புழு, மற்றவற்றைவிடப் படுவேகமாக வளர்ந்துவிட்டது! அந்த ஒற்றைப் புழுவை மட்டும் பிடித்துக்கொண்டு வந்து தேதி சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மழை பெய்தால் ஈ வராது. உடல் மூடிய காருக்குள் இருந்தால் தாமதமாக வரும். இரவில் ஈக்கள் பொதுவாக முட்டை போடுவதில்லை. இப்படி எத்தனையோ 'ஆனால்'கள்! இவற்றையெல்லாம் அளந்து எழுதத்தான், அமெரிக்காவின் டென்னஸியில் வில்லியம் பாஸ் என்ற பேராசிரியர் 1980-களின் ஆரம்பத்தில் ஒரு விசித்திரத் தோட்டத்தைத் தொடங்கினார். தானமாகக் கிடைத்த உடல்களை வெயிலிலும் நிழலிலும் போட்டு, நாளுக்கு நாள் என்ன ஆகிறது என்று குறிப்பெடுக்கிற தோட்டம். கேட்கவே குமட்டுகிறது, இல்லையா? ஆனால், அந்தக் குறிப்புகள் இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜக்கதை இருக்கிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், க்ளின்டன் விமானப்படைத் தளத்தை ஒட்டி நடந்தது. 1959, ஜூன் 9, மாலை நேரம். ஸ்டீவன் ட்ரஸ்காட் என்ற 14 வயதுப் பையன், அதே பள்ளியில் படித்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியைத் தன் சைக்கிளில் உட்காரவைத்து நெடுஞ்சாலை வரை கொண்டுபோய் விட்டான். அவள் அங்கே ஒரு காரில் ஏறிப் போனதைப் பார்த்ததாகச் சொன்னான். இரண்டு நாள் கழித்து, ஜூன் 11-ம் தேதி, அருகிலிருந்த ஒரு தோப்பில் அந்தச் சிறுமியின் உடல் கிடைத்தது. பலாத்காரம், கொலை.

அடுத்த நாளே பையன் கைது! போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர், சிறுமியின் வயிற்றிலிருந்த உணவை வைத்து, 'மாலை 7:15-லிருந்து 7:45-க்குள் செத்திருக்கிறாள்' என்று அடித்துச் சொன்னார். அரை மணி நேரம்! அந்த அரை மணி நேரத்தில்தான் பையன் அவளோடு இருந்தான். எட்டு மணி சுமாருக்கு அவன் பள்ளி மைதானத்தில் எல்லாரோடும் நின்றுகொண்டிருந்தான். அதாவது, சாவு எட்டு மணிக்குப் பிறகு என்றால் அவன் கொலைகாரனே இல்லை! 1959, செப்டம்பர் 30-ம் தேதி அந்த 14 வயதுப் பையனுக்குத் தூக்கு என்று தீர்ப்பு. பிற்பாடு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1969-ல் பரோலில் வெளியே வந்தவர், வேறு பெயரில் ஒளிந்து வாழ்ந்து, கல்யாணம் செய்துகொண்டு, குழந்தைகளை வளர்த்தார்.

இத்தனைக்கும், அந்தச் சிறுமியின் உடலிலிருந்து ஈ முட்டைகளையும் புழுக்களையும் அன்றைக்கே எடுத்திருந்தார்கள். அரசு லேபில் அவற்றைப் பரிசோதித்துக் குறிப்பும் எழுதியிருந்தார்கள். ஆனால், அதை வைத்து நேரத்தைக் கணிக்கலாம் என்று 1959-ல் அந்தக் கோர்ட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஈயைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிடவே இல்லை!

கூப்பிட்டது எப்போது தெரியுமா? 2006-ல்! வழக்கு மறுபடியும் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தபோது, 47 வருடப் பழைய அந்தக் குறிப்புகளைத் தூசு தட்டி எடுத்தார்கள். ட்ரஸ்காட் தரப்புப் பூச்சி நிபுணர்கள் சொன்னது: 'ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும். ஏழே முக்காலுக்கு உடல் தோப்பில் கிடந்திருந்தால், வெளிச்சம் இருக்கும்போதே ஈ வந்து முட்டை போட்டிருக்கும். ஆனால், இந்தப் புழுக்களின் சைஸைப் பார்த்தால் முட்டை மறுநாள் காலையில் விழுந்த மாதிரி இருக்கிறது.' அரசுத் தரப்பு நிபுணர் ஒப்புக்கொள்ளவில்லை. 'முதல் நாள் மாலையே விழுந்த முட்டையாகவும் இருக்கலாம்' என்றார். ஒரே குறிப்பு, ஒரே ஈ, இரண்டு கணக்கு!

ஏன் இந்தக் குழப்பம்? ரக்ஸ்டன் கேஸில் மெர்ன்ஸின் மேஜைமேல் புழுக்களே இருந்தன. இங்கே நிபுணர்கள் கையில் இருந்தவை, வேறு யாரோ வேறு எதற்காகவோ எழுதிவைத்த சில வரிகள் மட்டும்.

கடைசியில், 2007, ஆகஸ்ட் 28-ம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. வயிற்றிலிருந்த உணவை வைத்து அரை மணி நேரத்துக்குள் சாவைக் குறுக்கியதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது, 1959-ம் வருடத் தீர்ப்பு நீதி பிறழ்ந்த தீர்ப்பு, ட்ரஸ்காட் விடுதலை! 14 வயதில் தூக்குத் தண்டனை கேட்டவருக்கு அப்போது 62 வயது. அடுத்த வருடம் 65 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுத்தார்கள்.

அந்த நீதிமன்றம் அவரை 'நிரபராதி' என்று பிரகடனம் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கேட்டது அதைத்தான். ஆனால், அதை நிரூபிக்கும் அளவுக்குத் தடயம் எதுவும் மிஞ்சவில்லை என்றார்கள் நீதிபதிகள். சிறுமியைக் கொன்றது யார் என்பது இன்றைக்கும் தெரியாது.

சோங் ட்ஸு தன் புத்தகத்துக்கு வைத்த தலைப்பு ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சீன அதிகாரிக்கு மைக்ராஸ்கோப் கிடையாது, லேப் கிடையாது. அவர் செய்த ஒரே காரியம், வெயிலில் அரிவாள்களைப் பரப்பிவிட்டு, ஈ வருகிற வரைக்கும் அவசரப்படாமல் காத்திருந்ததுதான். ஒன்டாரியோவில் ஈக்கள் ஏற்கெனவே வந்து, முட்டை போட்டு, தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போயிருந்தன. காத்திருக்கத்தான் ஆள் இல்லை. அடுத்த நாளே கைது செய்துவிட்டார்களே!